பின்வரிசைக்கு எப்படித் தெரிந்தது

ஆறு மாலைகள் தொடர்ந்து ஒரே அணி ஜெயித்தபோது, மற்ற அணிகள் அந்த அணியைச் சந்தேகப்பட்டன. நான் கொஞ்சம் தாராள மனசுக்காரன். கப்பலில் என்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டேன்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். அது பதினோரு மாடிக் கப்பல். ஒன்பது பார். சாயங்காலம் ஆறு மணி ஆனால் மாடிக்கு ஒரு சத்தம் ஆரம்பித்துவிடும். ஒன்றில் பியானோ, ஒன்றில் ஜோடி நடனம், இன்னொன்றில் வாயாலேயே ரயில் ஓட்டிக் காட்டும் ஒருவர். சாப்பிட்டு முடித்த ஜனங்கள் பெரிய கச்சேரி தொடங்கும்வரை எங்கே போவதென்று தெரியாமல் நடைபாதைகளில் மிதப்பார்கள். அவர்களை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஆறாவது மாடி பாரில் உட்காரவைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு இருபது கேள்விகள் கேட்பது என் வேலை. கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு ஜோக் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. யாராவது சிரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. அதனால்தான் காலம் தள்ள முடிந்தது.

இதற்கு முன்னால் ஒரு மரச்சாமான் கடை வாசலில் நின்று, சோபா வாங்கினால் தலையணை இலவசம் என்று எட்டு வருஷம் கத்தினேன். அந்தத் தொண்டையைக் கப்பலுக்குச் சிபாரிசு செய்தவன் என் மச்சான். மனைவியின் தம்பி. அதே ஆறாவது மாடி பாரில் பார்டெண்டர். எங்கள் மாமா மைக்கைப் பிடித்தால் விடவே மாட்டார் என்று அவன் சொன்னதை மேடம் ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டார். எனக்கும் அவனுக்கும் கீழ்த்தளத்தில் ஒரே அறை. மேல் படுக்கை அவனுக்கு, கீழ்ப் படுக்கை எனக்கு. அடுத்த மாதம் பதினோராவது மாடி பாருக்கு அவனைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாகப் பேச்சு இருந்தது. அவன் அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தூக்கத்தில் யாருக்கோ உத்தரவு போட ஆரம்பித்திருந்தான்.

மேடம் என்றால் கேளிக்கைப் பிரிவின் மேலாளர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு எவ்வளவு அகலமோ, விஷயம் அவ்வளவு மோசம்.

வினாடி வினாவில் தினப் பரிசு ஒரு சாவிக்கொத்து. அதற்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பத்து மாலைகளின் புள்ளிகளையும் கூட்டி, முதலில் வரும் அணியின் நாலு பேருக்கும் அடுத்த பயணம் இலவசம். அதற்காக உடைத்துக்கொண்டார்கள்.

ஜெயித்துக்கொண்டே போன அணி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பின்வரிசை. ஒரு பெரியவர், அவர் மகள், மருமகன், மருமகனின் அம்மா. பெரியவர் நாற்பது வருஷம் பாட்டில் தொழிற்சாலையில் இருந்தவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. இரண்டு காதிலும் மெஷின். பாரில் பழச்சாறு அடிக்கும் இயந்திரமும் மனிதர்களும் சேர்ந்து போடும் சத்தத்தில் மெஷின் வைத்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. முதல் நாள் மருமகனின் அம்மா தன் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். அவரை அங்கே ஒரு நாற்காலியின் பாகமாகத்தான் எல்லோரும் வைத்திருந்தார்கள். விடை எழுதுவது மகள். ஆகவே மூளை அவள்தான் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாம் இடத்தில் ஒரு வக்கீலும் அவர் மனைவியும் இன்னும் இருவரும் இருந்தார்கள். விடுமுறையில் வந்தும் கறுப்பு உறை போட்ட நோட்டை விடாத வக்கீல். ஆறாவது மாலை முடிந்ததும் அவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நோட்டைப் பிரித்தார். பின்வரிசை வாங்கிய மதிப்பெண்கள் வரிசையாக இருந்தன. பத்தொன்பது, இருபது, இருபது, பத்தொன்பது, இருபது, இருபது.

"அறிவாளிங்கன்னே வெச்சுக்குவோம். முந்தாநேத்து சிலந்திக்கு எத்தன கால்னு கேட்டீங்க. எல்லா அணியும் எட்டுன்னு எழுதுச்சு. இவங்க மட்டும் ஆறுன்னு எழுதினாங்க. உங்க தாள்லயும் ஆறுன்னுதான் இருந்துச்சு."

இருந்தது. தட்டச்சு செய்யும்போது நான் தப்பாகத் தட்டிவிட்டேன். கூட்டம் கூச்சல் போட்ட பிறகுதான் எட்டு என்று திருத்தினேன். ஊருக்கே தெரிந்த விஷயத்தில் நான் செய்த பிழையை அப்படியே ஒரு அணி செய்திருக்கிறது என்றால், அது தலையிலிருந்து வந்த விடை இல்லை. என் தாளிலிருந்து வந்த விடை. வக்கீல் இதை எனக்கு விளக்கிய விதத்தில் நானே கூண்டில் நிற்பதுபோல் இருந்தது. பிறகு மேடத்துக்கும் விளக்கினார்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். காதுவரை சிரிப்பு. கப்பல் புறப்பட்ட துறைமுகத்துக்குத் திரும்புவதற்குள் யார் மூலமாகப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்த ஆளை அங்கேயே இறக்கிவிட வேண்டும், கண்டுபிடிக்காவிட்டால் இறங்கும் ஆள் நானாக இருப்பேன் என்றார். ஒரு கப்பலில் இறக்கிவிட்டவனை இன்னொரு கப்பல் ஏற்றாது. அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

அறைக்கு வந்து யோசித்தேன். தாளை நானே தட்டி, அலுவலக அறையில் நானே அச்செடுக்கிறேன். ராத்திரி அது தலையணைக்கு அடியில் இருக்கும். மத்தியானம் பார் மேஜை இழுப்பறையில் இருக்கும். நாலு மணிக்கு, பாரில் சீட்டாடுபவர்கள் உட்கார்ந்திருப்பதால், பக்கத்திலிருக்கும் காலி நாடக அரங்கத்துக்குப் போய் மேடையில் நின்று ஒத்திகை பார்ப்பேன். கேள்வி, விடை, ஜோக், எல்லாம் நிமிஷக் கணக்கோடு. ஒலிபெருக்கிகளை அணைத்துவிட்டு மைக்கை மட்டும் திறந்து வைப்பார் சவுண்டுக்காரர். என் குரல் என் தலையில் மாட்டிய ஹெட்போனில் மட்டும் கேட்கும். அப்புறம் எட்டு மணி. இதில் என்னைத் தவிர அந்தத் தாளை நெருங்கக்கூடிய ஒரே ஆத்மா, தலையணைக்கு மேலே ஒரு படுக்கையிலும் இழுப்பறைக்குப் பக்கத்திலும் இருந்தது.

அப்படி நினைத்தபோது எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் கொசு மாதிரி. விளக்கைப் போட்டால் காணோம், அணைத்தால் காதோரம்.

ஏழாவது மாலை கேள்வி கேட்டுக்கொண்டே மச்சானைக் கவனித்தேன். பின்வரிசையின் மேஜைக்கு மட்டும் பானங்களை அவனே எடுத்துப் போனான். மற்ற மேஜைகளுக்குப் பரிமாறும் பெண்கள் போனார்கள். அதோடு விட்டானா, ஒரு காகித நாப்கினில் ஏதோ எழுதி மடித்துப் பெரியவர் முன்னால் வைத்தான். அவர் படித்து, பேனா வாங்கி, ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். மச்சான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஏற்கனவே துடைத்த கிளாஸை மறுபடியும் துடைத்தான். பன்னிரண்டாம் கேள்வியை நான் இரண்டு தரம் கேட்டேன். கூட்டம் அதைத்தான் அன்றைய ஜோக் என்று நினைத்துச் சிரித்தது.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பான். திருடன் வேறென்ன சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். திருடாதவனும் அதையேதான் சொல்வான் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

எட்டாவது நாள் பொறி வைத்தேன். சிலந்தி தற்செயலாகக் காட்டிக் கொடுத்ததை, வேண்டுமென்றே செய்து பார்ப்பது என்று யோசனை. தாளில் பதினாலாம் கேள்வி: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு. சரியான விடை ஏழு. நான் பதினொன்று என்று தட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தாளை மறந்து வைத்ததுபோல் ஐஸ் வாளிக்கு அடியில் வைத்துவிட்டு, மறதிக்காரன்போல் தலையைச் சொறிந்துகொண்டு போனேன். மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது தாள் வாளிக்கு அடியில் இல்லை. நாலாக மடித்து ஈரம் படாமல் அலமாரியில் ஒரு கிளாஸுக்குள் இருந்தது. தாளை மறந்துவிட்டுப் போய்விட்டீர்களே மாமா, நனைந்திருக்கும் என்று சொல்லி மச்சான் எடுத்துக் கொடுத்தான். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. கைதேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் நாலு மணிக்கு ஒத்திகை. எட்டு மணிக்கு, திருத்திய வேறொரு தாளோடு மேடையேறினேன். விடைத்தாள்கள் கைக்கு வந்ததும் பின்வரிசையின் தாளைத்தான் முதலில் உருவினேன். பதினாலுக்கு நேரே, மகளின் உருண்டை எழுத்தில், பதினொன்று.

வக்கீலின் அணி ஏழு என்று எழுதியிருந்தது. அவர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் ஜெயித்துவிட்டேன்.

மேடத்திடம் தாள்களைக் காட்டினேன். யார் என்று கேட்டார். பார் பக்கமிருந்து போயிருக்கிறது என்றேன்.

"பார் பக்கம்னா ஐஸ் மெஷினா? பேர் சொல்லுங்க."

சொன்னேன். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவனின் பெயரை, அவன் அக்கா தினமும் சாமியிடம் சொல்லும் பெயரை, ஒரு காகிதத்தில் மேடம் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

ஒன்பதாவது நாள் காலையில் மச்சானைப் பாரிலிருந்து எடுத்துவிட்டார்கள். கப்பல் துறைமுகம் சேரும்வரை அடித்தளத்தில் கிளாஸ் கழுவும் வேலை. பதினோராவது நாள் காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு இறங்க வேண்டும். கடிதமும் தயாராகிவிட்டது. அவன் ஏன் என்று கேட்டிருக்கிறான். உன் மாமாவிடம் கேள் என்றிருக்கிறார் மேடம், சிரித்துக்கொண்டே.

வீடாக இருந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடலாம். கப்பலில் கோபத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது. அன்று சாயங்காலம் வேலைக்கு உடை மாற்ற அறைக்குப் போனபோது அவன் மேல் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"அந்த நாப்கின்ல என்னதான் எழுதின?" என்றேன்.

"எலுமிச்ச போடவா வேண்டாமான்னு எழுதினேன் மாமா. அவருக்கு அங்க காது கேக்காது. அந்தப் பொண்ணுங்க கத்திக் கத்திக் கேக்குறாங்க, பக்கத்து மேஜையெல்லாம் திரும்பிப் பாக்குது. அதான் நானே போனேன்."

"அவர் என்ன எழுதினாரு?"

"பாதின்னு எழுதினாரு."

நான் கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி என்பது எந்த விடைக்கான ரகசிய வார்த்தையாக இருக்கும் என்று ஆறு மாடிப் படியிலும் யோசித்துக்கொண்டே ஏறினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. நான் வாசலைத் தாண்டும்போது அவன் ஒன்று கேட்டது மட்டும் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அக்காவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். நான் சொல்லப் போவதில்லை, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றான்.

அன்றைக்குப் பின்வரிசைக்கு இருபதுக்கு இருபது.

விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மச்சான் காலையிலிருந்து அடித்தளத்தில். தாள் நாள் முழுக்க என் சட்டைக்குள். பிறகு எப்படி. நல்ல மனிதனாக இருந்தால் அந்த இடத்தில், ஐயோ தப்புப் பண்ணிவிட்டோமே என்று தோன்றியிருக்கும். எனக்கு, இவனுக்குக் கூட்டாளி யார் என்று தோன்றியது. புத்தி ஒரு தண்டவாளத்தில் ஏறிவிட்டால் இறங்கி நடக்க மறுக்கிறது.

பத்தாவது நாள், கடைசி ஒத்திகை. அரங்கத்தில் எழுநூறு நாற்காலிகள், இருட்டு, குளிர். தினமும்போலக் கடைசி வரிசையில் ஒருவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அங்கே அந்த நேரத்தில் அப்படி ஒன்றிரண்டு பேர் ஒதுங்குவது உண்டு. ஒலிபெருக்கி அணைந்திருப்பதால் நானும் கண்டுகொள்வதில்லை. மேடை விளக்கில் கண் கூசி முகமும் தெரியாது. மனசு சரியில்லாததால் ஜோக்கை உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால்கூடக் கேட்டிருக்காது. மரச்சாமான் கடையில் இருந்தபோது, சோபாவில் உட்கார்ந்து பார்க்க வந்த ஒருவர் தூங்கிவிட்டார், கடையைப் பூட்டும்போது எழுப்பினால், 'வாடகை எவ்வளவு' என்றார் என்று ஒரு ஜோக். நாலு மாதமாக யாரும் சிரிக்காத ஜோக்.

கடைசி வரிசை சிரித்தது.

புத்தகத்தைப் படித்துச் சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் புத்தகம் மூடியிருந்தது. மைக்கை உதட்டோடு ஒட்டி, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"ஐயா, மணி என்னங்க?"

அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில், எழுநூறு நாற்காலிகளையும் தாண்டி, "நாலு பத்து" என்றார்.

பாட்டில் தொழிற்சாலைப் பெரியவர்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சவுண்டுக்காரரிடம் ஓடினேன். அவர் அலுத்துக்கொண்டே சொன்னார்: அரங்கத்தின் தரைவிரிப்புக்கு அடியில் சுற்றிலும் ஒரு கம்பி ஓடுகிறது. மைக்கில் பேசுவது அந்தக் கம்பி வழியாக நேரே காது மெஷினுக்குப் போகும். மெஷினில் ஒரு பொத்தானை மாற்றிவைத்தால் போதும், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும். அதை எப்போதும் அணைக்கக் கூடாது என்று விதி. ஒலிபெருக்கியை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாசலில் காது படம் போட்டுப் பெரிய பலகை இருக்கிறதே, நீங்கள் பார்த்ததில்லையா என்றார். நாலு மாதமாகத் தினமும் அதன்மேல்தான் என் கோட்டை மாட்டிவந்தேன்.

திரும்ப மேடைக்குப் போய் விளிம்பில் உட்கார்ந்தேன். மைக்கில் நான் மெதுவாகப் பேச, அவர் கடைசி வரிசையிலிருந்து உரக்கப் பதில் சொல்ல, அப்படித்தான் பேசிக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் அதுதான் வசதி.

அவர் ஒளிக்கவில்லை. முதல் நாள் வாசலில் காது படத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்தால், ஒருவர் மேடையில் நின்று இருபது கேள்விகளையும் விடைகளையும் நிதானமாக வாசிக்கிறார். பார் இரைச்சலில் கேட்க முடியாதவர்களுக்காகக் கப்பல்காரர்கள் தனியாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்குப் பெரிய எழுத்துல மெனு கார்டு தர்றீங்கல்ல. அது மாதிரி இருக்கும்னு நெனச்சேன். விடையும் சேத்துச் சொல்றாங்களே, கொஞ்சம் ஓவராத்தான் எரக்கப்படுறாங்கன்னும் நெனச்சேன்."

வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். சொல்ல மனசு வரவில்லை என்றார். மூன்றாவது நாளிலிருந்து மகள் கேள்வி முடிந்ததும் பேனாவோடு தன் பக்கம் திரும்புகிறாள் என்றார். சம்பந்தியம்மா கைப்பையை இப்போதெல்லாம் இவர் மடியில் போடாமல் தானே வைத்துக்கொள்கிறாராம். சிலந்தி பற்றியும் கேட்டேன். எட்டுக் கால் என்று அவருக்குத் தெரியுமாம். "மைக்ல சொல்றவருக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்" என்றார். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே மரியாதை. பொறி வைத்த தாளையும் வாய்ப் பழக்கத்தில் முழுசாக வாசித்து ஒத்திகை பார்த்தவன் நான். பொறிக்குள் கையை விட்டு எலியைத் தேடியவனும் நானே.

இதனால் ஒருவனுக்கு வேலை போகப் போகிறது என்று சொன்னேன். எலுமிச்சை கேட்டு எழுதிக் காட்டுகிற அந்தப் பையனா என்றார். ஆமாம் என்றதும் எழுந்துவிட்டார். "வாங்க, நானே வந்து சொல்றேன்" என்றார். நாலடி நடந்ததும் நின்றார். "சம்பந்தியம்மாகிட்ட மட்டும் தெரியாம பாத்துக்க முடியுமா?" என்றார். அவர் குரலை அவராலேயே தாழ்த்த முடியாது. அந்தக் கேள்வி அரங்கம் முழுக்க எதிரொலித்தது. நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொள்வது நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. நான்தான் மைக்கில் வாசித்துக் காட்டிக் கொடுத்தேன், மச்சான் மேல் தப்பில்லை என்று மேடத்திடம் சொன்னதும் அவர் சிரிப்பு ஒரு விரற்கடை அகன்றது. யார் கேட்டது என்றார். தெரியாது, காது மெஷின் போட்டவர்கள் கப்பலில் எத்தனையோ பேர் என்றேன். முந்தாநாள் மச்சான்தான் என்றீர்கள், இன்றைக்குக் கம்பி என்கிறீர்கள், ராத்திரி வீட்டிலிருந்து போன் வந்ததா என்றார். குடும்பத்துக்காகக் கதை கட்டுகிறேன் என்று முடிவு செய்துவிட்டார். ஒருவர் நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் உண்மைகூட எவ்வளவு பொய்யாகக் கேட்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரியவரின் பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். வாய்வரை வந்தது. ஏற்கனவே இந்த வாரம் ஒரு பெயரைச் சொல்லி நான் சம்பாதித்தது போதும் என்று விழுங்கிவிட்டேன்.

சவுண்டுக்காரரின் கையைக் காலைப் பிடித்தேன். கம்பி வேலை செய்கிறதா என்று பார்க்க அவரிடம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது, காதில் மாட்டும் ஒயரோடு. மேடத்தைக் கெஞ்சி அரங்கத்துக்கு அழைத்து வந்து, பெரியவர் எழுந்து போயிருந்த கடைசி வரிசையில் உட்காரவைத்து, ஒயரைக் காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். மேடையேறி மைக்கைப் பிடித்தேன். ஒலிபெருக்கிகள் அணைந்திருந்தன. எழுநூறு இருக்கையில் ஒரே ஒரு காது.

ஜோக் இல்லாமல், தாள் இல்லாமல், மூச்சு விடும் குரலில் சொன்னேன்.

"அவன் ஒண்ணும் பண்ணல மேடம். எனக்கு வேலை வாங்கிக் குடுத்தவன். கேக்காம, விசாரிக்காம நான் பேரைச் சொன்னேன். எறங்க வேண்டியது நான்."

அவ்வளவு தூரத்தில் மேடத்தின் முகம் தெரியவில்லை. ஆனால் அவர் ஒயரைக் கழற்றிச் சுருட்டுவது தெரிந்தது. எழுந்து வந்தபோது, நான் கப்பலில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக, சிரிக்காமல் இருந்தார்.

என்ன நடந்தது, யார் தவறு என்று ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார். அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மச்சானின் கடிதத்தை என் கண் முன்னால் கிழித்தார். என் கடிதத்தைத் தட்டச் சொன்னார். ஒலி அமைப்பில் கோளாறு என்று அறிவித்து ஒன்பது மாலைப் புள்ளிகளையும் எல்லா அணிக்கும் ரத்து செய்தார். கடைசி மாலை மட்டும் கணக்கு, அரங்கத்திலேயே நடக்கும், கேள்விகளும் மேடமுடையவை, மைக்கும் மேடமுடையது. மச்சான் ஆறு மணிக்குக் கறுப்புக் கோட்டோடு மேலே போனான். அவன் விட்டுப் போன கையுறையை மாட்டிக்கொண்டு நான் அடித்தளத்தில் கிளாஸ் கழுவினேன்.

அன்று மேலே நடந்ததை மறுநாள் காலையில் அவன் சொல்லித்தான் தெரியும். அதுவும் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துச் சொன்னான். வக்கீல் அணிக்குத்தான் முதல் பரிசு. பெரியவர் முதல் இரண்டு கேள்விக்கும் வாயே திறக்கவில்லையாம். மூன்றாவதற்குச் சொன்னாராம். தப்பு. மகள் எழுதியதை அடித்துவிட்டுக் காத்திருந்தாளாம். சம்பந்தியம்மா அவர் பக்கம் குனிந்து, கையால் சைகை காட்டி, அடுத்ததற்குச் சொல்லுங்கள் என்றாராம். மொத்தத்தில் பதிமூன்று சரி, மூன்றாம் இடம். எலுமிச்சை பாதி.

ஏழு மணிக்குக் கப்பலின் இறங்கு பாலம்வரை பெட்டியை அவனே தூக்கி வந்தான். வேண்டாம் என்றேன். பேசாமல் வாங்க என்றான். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நான் மைக்கைப் பிடித்தால் விடாதவன் என்பது அவனுக்குத் தெரியும். பாதியில் நிறுத்தினான்.

"போதும் மாமா. கஷ்டமாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். அக்காகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. நாளைக்குன்னு வெச்சீங்கன்னா நல்லா ஒரு கதை ரெடி பண்ணிடுவீங்க."

பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

துறைமுகக் கட்டடத்தின் நிழலில், சக்கர வண்டிகளுக்கும் டாக்சிக்காரர்களுக்கும் நடுவே நின்று மனைவிக்குப் போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"என்ன, எறங்கிட்டீங்களா?"

நான் இறங்குவது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. என் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. திரும்பிக் கப்பலைப் பார்த்தேன். பதினோரு மாடி, ஆயிரம் ஜன்னல், ஒன்றிலும் யாரும் இல்லை. நான் சொல்லப் போவதில்லை என்றானே. சொல்லிவிட்டானா. எவ்வளவு சொன்னான். எதைச் சொன்னான், எதை விட்டான். எங்கிருந்து ஆரம்பித்தால் எனக்குச் சேதம் குறைவு. யார் உன்னிடம் சொன்னது என்று கேட்க வாயைத் திறந்தேன்.

பிறகு அதைக் கேட்கவில்லை.

"ஆமா, எறங்கிட்டேன்" என்றேன். "உன் தம்பிக்கு நான் ஒரு அநியாயம் பண்ணிட்டேன். முழுசாச் சொல்றேன், நடுவுல திட்டாம கேளு. கடைசில திட்டிக்கோ."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.